லேப்டாப் நிறுவனங்களுக்கும் வைஃபை சிப் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்களை எடுத்துக்கொண்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்.

லினக்ஸ் நிறுவுவது சிரமமே இல்லை. வம்பு அப்புறம்தான். சில லேப்டாப்களில் வைஃபை இருப்பதாகவே காட்டாது. செல்போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் டேட்டாவில் இணையத்துக்குப் போக வேண்டும். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' அடித்து, உள்ளே இருப்பது எந்தச் சிப் என்று பார்க்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டு வைத்திருக்கும் டிரைவரை, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளை, தேடி எடுத்து கம்பைல் செய்ய வேண்டும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால், டிஜிட்டல் கையொப்பம் இல்லாத அந்த டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் உள்ளே விடாது. நாமே ஒரு சாவி உருவாக்கி, ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத்திரையில் அதைப் பதிய வேண்டும். இவ்வளவும் செய்து வைஃபை வந்தாலும், ஏதாவது ஒரு கெர்னல் அப்டேட்டில் மறுபடியும் போய்விடும்.

ஏன் போகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருந்தால், இடைமுகத்தை மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே கிடக்கும் டிரைவருக்கு நாதி கிடையாது. அதைப் பராமரிப்பவர் வேலை மாறினாலோ, சலித்துப் போனாலோ அத்தோடு சரி.

டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்ப்பது ஆகாத காரியம் என்று சொல்லாதீர்கள். பிராட்காம் சிப்களுக்கு ஒரு காலத்தில் தன்னார்வலர்கள், மூல நிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, தாங்களே டிரைவர் எழுதினார்கள். 2010-இல் அந்த நிறுவனமே தன் புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவரைக் கொடுத்தது. ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2019-இல் கெர்னலுக்குள் வந்தது. இன்டெல் வைஃபை கார்டு உள்ள லேப்டாப் வந்தால் எனக்குப் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் அத்தனை பிடிவாதமான டெபியன் என்ற லினக்ஸ் வகையின் குழுகூட, 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த ஆண்டு வந்த டெபியன் 12-இன் நிறுவியிலேயே, சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் அது மூடியதாக இருந்தாலும் சேர்த்துக்கொண்டது. பயனர் தவிக்கக் கூடாது என்று அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். நீங்களும் வர வேண்டும்.

லேப்டாப் நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே மாடல் பெயரில் ஒரு தடவை ஒரு கார்டும் அடுத்த தடவை வேறு கார்டும் வைத்து விற்கிறீர்கள். பெட்டியில் 'வைஃபை 6' என்று மட்டும் இருந்தால், வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? சிப்பின் பெயரைப் போடுங்கள். கைரேகை சென்சாருக்கும் இதையே கேட்கிறேன். அதில் நிலைமை இன்னும் மோசம்.

சிப் தயாரிப்பாளர்களே, கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒன்று வருகிறது. அது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் வழியாகப் பயனர் கைக்கு வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே சிப் சந்தைக்கு வருவதற்கு முன்பே டிரைவரைக் கெர்னல் குழுவுக்கு அனுப்புங்கள். ஃபர்ம்வேரை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படியான உரிமத்தோடு கொடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட சிப்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் நிறுவித் தரும் ஒருவன்