அந்தப் பச்சை நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் ஐயா

ஏரிக்கரையிலிருந்து எங்கள் டப்பாவை எடுத்துப் போன அலுவலகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம் ஐயா. அலுவலகத்தின் பெயரையும் ஏரியின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் எண்ணமில்லை, படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லவும் தேவையில்லை, காலை பத்தரைக்கு எங்கள் நாலு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து மாலை ஐந்துக்கு அனுப்பியவர்கள் நீங்கள்தான். நடுவில் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. டப்பா போனால் போகட்டும், ஒரு விளையாட்டுக்காக நாங்கள் ஏரிக்கரையில் ஒளித்து வைத்த எழுபது ரூபாய் பிளாஸ்டிக். உள்ளே இருந்த பச்சை அட்டை நோட்டு மட்டும் எங்களுக்கு வேண்டும்.

"புதையல் எடுக்க வந்தீங்களா?" என்று நாலு தடவை கேட்டீர்கள். கேட்டது தப்பே இல்லை. நம் பக்கத்தில் நடுகல்லைப் புரட்டிப் போட்டும், மலைக்காரர்கள் குள்ளர் வீடு என்று சொல்கிற கல்திட்டைகளை, அதாவது பழங்காலக் கல்லறைகளைப் பெயர்த்தும் தங்கம் தேடுகிற கும்பல்கள் உண்டு. அவர்களைப் பிடித்தால் முதலில் கை தட்டுவது நாங்களாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் கடப்பாரையோடு ராத்திரியில் வருவார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் டீக்கடையில் வழி கேட்டுவிட்டு வந்தவர்கள்.

ஜியோகேச்சிங் என்று நான் சொன்னதும் உங்களில் ஒருவர் சிரித்தார். சிரிக்கிற பெயர்தான். எங்களுக்குள் டப்பா வேட்டை என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை இன்னொருவர் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் தள்ளிக்கூடக் காட்டிக்கொண்டிருந்த கருவி, திடீரென்று பத்து இருபது மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பக்கெட்டில் நோட்டு, பென்சில், ஒரு டின் பீன்ஸ் உட்பட சில சாமான்களைப் போட்டு ஒளித்து வைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார், முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று. அங்கே தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. விதி ரொம்ப எளிது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும், கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும், ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசி விதி மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கேட்பாரற்ற ஒரு டப்பாவைப் பார்த்தால் பயம் வரும் என்று உங்களில் மூத்தவர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அதனால்தான் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக வாங்கி, மூடியில் பெரிய எழுத்தில் 'இது விளையாட்டு டப்பா, ஆபத்தில்லை' என்று எழுதி, என் ஃபோன் நம்பரையும் போட்டிருந்தேன். ஏரி காப்புக்காட்டில் இல்லை. ஊராட்சியில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தோம். எழுதி வாங்காதது எங்கள் தப்பு. சரி.

இப்போது நோட்டு விஷயம். அதை நாற்பது பக்கக் கணக்கு நோட்டு என்று நீங்கள் நினைத்திருக்கலாம், கடையில் வாங்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பக்கத்தில் எங்களோடு வந்துகொண்டிருந்த தமிழாசிரியர் ஐயா கையெழுத்துப் போட்டிருக்கிறார். வள்ளிமலை சமணக் குகைக்கும், மேல்பாடியில் பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை என்கிற நினைவுக் கோயிலுக்கும், மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையில் பல்லவன் குடைந்த கோயிலுக்கும் எங்களைக் கூட்டிப்போனவர் அவர்தான். அந்த மாதிரி இடங்களில் நாங்கள் டப்பாவே வைப்பதில்லை. தூணை எண்ணிப் பார்த்துவிட்டு, கல்வெட்டைத் தொடாமல் படித்துவிட்டு வருவோம். போன வருடம் கார்த்திகையில் அவர் காலமாகிவிட்டார். ஊர்வழிகளைப் பற்றி அவர் கைப்பட எழுதி எங்களிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

மூன்றாவது பக்கத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டப்பாவை முதலில் கண்டுபிடித்தது ஃபோன் வைத்துக்கொண்டு தேடுகிற ஆளே இல்லை, ஆடு மேய்க்கிற ஒரு ஆயா. அவருக்கு எழுதத் தெரியாது. பேரன் பென்சிலால் எழுதியிருக்கிறான்: 'இது யாருது? மழையில நனையுது. நாங்க மேல தள்ளி வச்சிருக்கோம்.' கீழே ஆயாவின் கைநாட்டு, மை இல்லாததால் ஈர மண்ணில் விரலைத் தோய்த்து வைத்தது. டப்பாவில் இருந்த ஆம்பூர் தோல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு புளியங்கொட்டை போட்டிருந்தார்கள். விதியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது நிஜமாகவே டப்பா ஒரு அடி மேலே, பனைமரத்து வேர்ப்பக்கம், ஒரு சப்பைக்கல்லுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. புதையல் என்று கேட்டீர்களே ஐயா, உள்ளே இருந்தது இவ்வளவுதான். ஒரு பம்பரம், இரண்டு புளியங்கொட்டை.

அந்த நோட்டுக்காக உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை வந்தேன். முதல் தடவை "ஐயா கேம்ப் போயிருக்காரு" என்றார்கள். இரண்டாம் தடவை, ஏரியின் தென்கரை பக்கத்து மாவட்டத்தில் வருகிறது, அங்கே அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கே போனால், "இன்னாத்துக்கு எங்களுக்கு அனுப்பப் போறாங்க, பனைமரம் அவங்க பக்கம்தான கீது" என்று ஒருவர் வரைபடத்தையே விரித்துக் காட்டினார். மூன்றாம் தடவை வந்தபோது, எடுத்த பொருளுக்கு ரசீது இருக்கிறதா என்று என்னையே கேட்டார்கள். எடுத்தது நீங்கள், ரசீது என்னிடம் எப்படி இருக்கும்? 1989இல் வட ஆர்க்காட்டை இரண்டாக்கினார்கள், 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள், மக்களுக்கு அலுவலகம் கிட்டத்தில் வரும் என்றார்கள். வந்ததும் உண்மைதான். முன்பு ஒரு அலுவலகத்தில் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பியவன், இப்போது இரண்டில் கேட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குறுக்குவழிகளில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வரைபடத்தில் மட்டும் இருக்கிற சாலைகள் எவை என்று தெரிந்துவிடும். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் மேலே ஏறப் பாதை இல்லாததால், தாய் கையில் சுமந்துகொண்டு நடந்தார். நாடே பார்த்தது. அந்த மலைகளில் கல்லும் குழியுமான பாதையில் நாங்கள் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம், அங்கெல்லாம் எங்களை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஒரு அதிகாரியும் இருந்ததில்லை. நல்ல தார்ச்சாலைக்கு ஐம்பதடி தள்ளி இருக்கிற பனைமரத்துக்கு மட்டும் இரண்டு மாவட்டத்துக் காவல்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னியுங்கள். உங்களுக்கு மேலிடத்துக் கெடுபிடி இருக்கும், ஆள் பற்றாக்குறை இருக்கும், வெயில் காலத்தில் மலையில் தீப்பிடித்தால் அணைக்க ஓடுவதும் உங்கள் ஆட்கள்தான். தெரியாமல் பேசவில்லை. இனிமேல் டப்பா வைப்பதற்கு முன்னால் எந்த மேசையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் சொல்லுங்கள், கொடுத்துவிட்டு வைக்கிறோம். வேண்டாம் என்றால் வைக்கவில்லை. ஃபோனில் இருந்த படங்களை அழிக்கச் சொன்னீர்கள், அழித்துவிட்டோம். அதற்காகவும் நான் சண்டைக்கு வரவில்லை.

நோட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள் ஐயா. பச்சை அட்டை, வலது மூலை கரையான் அரித்தது, நடுவில் ஒரு ரப்பர் பேண்ட். கடைசியாக நான் பார்த்தபோது உங்கள் வரவேற்பு மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய தபால் உறைகளுக்கு அடியில் வைத்தீர்கள். அங்கேயே இருக்கலாம், ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நான் வரும் புதன்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருகிறேன். அன்று ஐயா கேம்ப் போவதாக இருந்தால் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து வைத்தாலும் போதும், அவருக்கு என் முகம் இப்போது நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
பெஞ்சில் இடது ஓரம் உட்கார்ந்திருந்தவன்,
சத்துவாச்சாரி, வேலூர்