2014 ஐரோப்பிய ஃபார்முலா 3 பட்டம் எஸ்டபான் ஓக்கோனுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பகுதியில் மேக்ஸ் வெர்ஸ்டப்பனின் இளமைக் காலம் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நான்கு முறை ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான ஒருவர் எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்பதைத் தமிழில் விரிவாக எழுதியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால், அவர் கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் முழுப் பருவமான, ஃபார்முலா ஒன்னுக்கு இட்டுச் செல்லும் இளையோர் படிகளில் ஒன்றான 2014 ஐரோப்பிய ஃபார்முலா 3 தொடரைக் கட்டுரை ஓரிரு வரிகளில் கடந்துவிட்டது. அந்த வரிகளைப் படிக்கும் ஒருவர், பட்டத்தையும் அவரே வென்றார் என்றுதான் எண்ணிக்கொள்வார். அந்தப் பட்டம் எஸ்டபான் ஓக்கோனுடையது. அவருடைய பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லை என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

அந்தப் பருவத்தில் 11 வார இறுதிகளில், வார இறுதிக்கு மூன்று வீதம், 33 பந்தயங்கள் நடந்தன. பிரேமா அணிக்காக ஓட்டிய ஓக்கோன் 478 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார். டாம் புளோம்க்விஸ்ட் 420 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றார். வான் அமர்ஸ்ஃபோர்ட் அணியின் வெர்ஸ்டப்பன் 411 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தில் நின்றார். இத்தனைக்கும் மிக அதிகமான வெற்றிகள் வெர்ஸ்டப்பனிடம்தான் இருந்தன. அவர் 10 பந்தயங்களை வென்றார், ஓக்கோன் 9 பந்தயங்களை வென்றார். ஒரு வெற்றிக்கு 25 புள்ளி என்பதால் வெர்ஸ்டப்பனின் புள்ளிகளில் 250 வெற்றிகளால் வந்தவை. மீதமுள்ள 23 பந்தயங்களில் அவர் சேர்த்தது 161 மட்டுமே. ஓக்கோனோ வெல்லாத 24 பந்தயங்களிலிருந்து 253 புள்ளிகளைத் திரட்டியிருந்தார். பட்டத்தைத் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். கடைசி வார இறுதிக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல், அக்டோபரில் இமோலாவிலேயே ஓக்கோன் பட்டத்தை உறுதி செய்துவிட்டார்.

வெல்லாத நாட்களில் புள்ளி சேர்ப்பது ஏன் அவ்வளவு பெரிய திறமை என்பதை அந்தக் கார்களை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அன்றைய ஃபார்முலா 3 கார், டல்லாரா நிறுவனம் கட்டிய இலகுவான உடலில் இரண்டு லிட்டர் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் குதிரைத்திறன் ஃபார்முலா ஒன் காரோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால், இறக்கைகள் தரும் காற்றழுத்தத்தால் வளைவுகளில் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வளைவில் நுழையும்போது ஸ்டீயரிங்கைச் சற்றே கூடுதலாகத் திருப்பி வேகத்தை இழந்துவிட்டால், இழந்ததை மீட்டுத்தரும் வலிமை அந்த இயந்திரத்துக்குக் கிடையாது. அடுத்த நேர்ப்பாதை முழுவதும் அந்தச் சிறு பிழையின் விலையைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். பந்தயமோ அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். டயர் மாற்ற நிறுத்தமும் இல்லை. தகுதிச் சுற்றில் பின்தங்கியவர் தந்திரத்தால் முன்னேற வழியில்லை, முன்னால் செல்பவரைத் தடத்தில்தான் முந்தியாக வேண்டும்.

இதைச் சொல்வதால் வெர்ஸ்டப்பனின் பெருமை குறைந்துவிடப் போவதில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் செய்ததைப் பந்தய ரசிகர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மூன்று பந்தயங்களையும் வென்றார். அடுத்த வாரமே ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து நோரிஸ்ரிங் தடத்திலும் மூன்றையும் வென்றார். ஸ்பா 7 கிலோமீட்டர் நீளமானது, காட்டுக்குள் ஏறி இறங்குவது, முன் செல்லும் காரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு போய் முந்த இடம் தருவது. நோரிஸ்ரிங் அதற்கு நேர் எதிரானது. 2.3 கிலோமீட்டர் நீளமே உள்ள நகரச் சாலைத் தடம். கோயம்புத்தூர் அருகே எங்கள் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் நீளத்தை ஒட்டியதுதான் அதுவும். ஒரு சுற்று முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. பழைய கல் மேடைக்கு எதிரே நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் கடுமையாக பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவு, இருபுறமும் தடுப்புச் சுவர். அந்த வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் முன்போ பின்போ பிரேக் பிடித்தால்கூட இடம் பறிபோகும். இப்படி ஒன்றுக்கொன்று சற்றும் பொருந்தாத இரண்டு தடங்களில், முந்தைய ஆண்டுவரை கார்ட்டிங் எனும் சிறு வண்டிப் பந்தயம் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் தொடர்ச்சியாக ஆறு பந்தயங்களை வென்றது அசாதாரணமானது. ரெட்புல் நிறுவனம் ஆகஸ்ட் மாதத்திலேயே, பருவம் முடிவதற்கு முன்பே, தன் இரண்டாவது ஃபார்முலா ஒன் அணியான டோரோ ரோசோவில் மறு ஆண்டுக்கான இருக்கையை அவருக்கு உறுதி செய்ததில் வியப்பில்லை.

எனக்கு வருத்தம் தருவது அதன்பின் நடந்தது. 2015 மார்ச்சில் மெல்போர்னில் வெர்ஸ்டப்பன் பதினேழு வயதில் ஃபார்முலா ஒன்னில் களமிறங்கினார். அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு, ஃபார்முலா ஒன்னில் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் உரிமத்தின் விதிகளைக் கடுமையாக்கி 2016 முதல் அவை அமலுக்கு வரும் என்று அறிவித்துவிட்டது. குறைந்தபட்ச வயது 18, சாலையில் ஓட்டுவதற்கான ஓட்டுநர் உரிமம், இளையோர் ஒற்றை இருக்கைப் பந்தயங்களில் இரண்டு ஆண்டு அனுபவம், இளையோர் தொடர்களில் பெறும் இடத்துக்கேற்ப மூன்று ஆண்டுகளுக்குள் 40 தகுதிப் புள்ளிகள் என்று நான்கு நிபந்தனைகள் வந்தன. மெல்போர்னில் களமிறங்கிய அன்று வெர்ஸ்டப்பனிடம் இந்த நான்கில் ஒன்றுகூட இருந்திருக்காது. ஐரோப்பிய ஃபார்முலா 3 தொடரில் மூன்றாமிடத்துக்கு அந்தப் புதிய அட்டவணை கொடுத்தது 20 தகுதிப் புள்ளிதான்.

முதலிடத்துக்கு அதே அட்டவணை 40 புள்ளிகள் கொடுத்தது. அதாவது ஓக்கோனுக்கு வயதும் இருந்தது, ஃபார்முலா ரெனோவில் ஓட்டிய இரண்டு ஆண்டு அனுபவமும் இருந்தது, புள்ளிகளும் இருந்தன. அவருக்கு இல்லாதது இருக்கை மட்டுமே. 2014 இறுதியில் அபுதாபியில் லோட்டஸ் ஃபார்முலா ஒன் அணியின் காரை வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான். மறு ஆண்டு ஜிபி3 என்ற இளையோர் தொடருக்குப் போய் அங்கும் சாம்பியனானார். அங்கே அவர் வென்ற பந்தயம் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் இரண்டாமிடங்களைக் குவித்து எடுத்த பட்டம். 2016இல் ஜெர்மனியின் டிடிஎம் தொடரில் கூரையுள்ள கார் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஆகஸ்டில்தான் ஃபார்முலா ஒன்னின் மானர் அணியில் பாதிப் பருவத்துக்கு இடம் கிடைத்தது. அதற்கு மூன்று மாதங்கள் முன்பே, அவரிடம் தோற்று மூன்றாமிடம் பெற்றவர் ஸ்பெயினில் தம் முதல் கிராண்ட் பிரீயை வென்றிருந்தார்.

ஓக்கோனின் தந்தை ஒரு கார் மெக்கானிக். மகனின் கார்ட்டிங் செலவுக்காக அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு கேரவனில் வாழ்ந்து பந்தயத்துக்குப் பந்தயம் பயணித்தது என்பது பலமுறை வெளியான செய்திதான். இத்தகைய குடும்பத்துக்கு "இன்னும் ஓராண்டு கீழே ஓட்டு" என்பது சாதாரணச் சொல்லாக இருக்க முடியாது. புதிய விதிகள் பதினேழு வயதுப் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி வந்தவை; அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம் என்றால் இரண்டு ஆண்டுச் செலவும் கட்டாயம் என்றே பொருள். அந்தச் செலவைச் செய்து வென்று வருபவருக்கு மேலே ஏற வழி செய்வது பற்றி அதே விதிகளில் ஒரு வரியும் இல்லை. உரிமம் வழங்கத் தகுதிகளை வகுத்த அமைப்பு, பட்டத்துக்கும் அடுத்த படிக்கும் இடையிலான பாதையை அணிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

இதன் விளைவை இன்றுவரை காண்கிறோம். ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த கீழ்ப்படியான ஃபார்முலா 2 தொடரில் பட்டம் வென்றவர் மறு ஆண்டு அத்தொடரில் ஓட்டக் கூடாது. அப்படியிருந்தும் 2022 சாம்பியன் ஃபெலிப்பே துருகோவிச்சுக்கும், 2023 சாம்பியன் தியோ பூர்ஷேருக்கும் மறு ஆண்டு ஃபார்முலா ஒன்னில் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. அதற்கு முன்பு, அத்தொடர் ஜிபி2 என்று அழைக்கப்பட்ட காலத்திலும் 2012 சாம்பியன் டேவிடே வால்செக்கியும் 2013 சாம்பியன் ஃபேபியோ லைமரும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றில்கூட ஓட்டாமலேயே நின்றுபோனார்கள். கீழே இருக்கவும் அனுமதியில்லை, மேலே போகவும் இடமில்லை. அமெரிக்காவின் முதன்மை ஒற்றை இருக்கைப் பந்தயமான இண்டிகார் தொடருக்கு இட்டுச் செல்லும் இளையோர் பந்தயங்களில், சாம்பியனுக்கு அடுத்த படியில் ஓட்டுவதற்கான உதவித்தொகை வழங்கும் வழக்கம் உண்டு. அதை எஃப்.ஐ.ஏ.வும் செய்ய வேண்டும். ஃபார்முலா 3 சாம்பியனின் ஃபார்முலா 2 பருவச் செலவையாவது தொடரின் வருமானத்திலிருந்து ஏற்க வேண்டும். புதுமுகங்களுக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார் கொடுக்க வேண்டும் என்று அணிகளை இப்போது கட்டாயப்படுத்தும் அமைப்பால் இதுவும் இயலும்.

இரண்டாமிடம் பெற்ற புளோம்க்விஸ்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1984 உலக ராலி சாம்பியன் ஸ்டிக் புளோம்க்விஸ்டின் மகன் அவர். ஃபார்முலா ஒன் பக்கம் செல்லாமல் டிடிஎம்முக்குப் போனார், பின்னர் அமெரிக்காவில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற அணியில் ஓட்டினார். ஃபார்முலா 3இல் வெர்ஸ்டப்பனை முந்தியவர் காணாமல் போய்விடவில்லை. நம் செய்தித்தாள்கள் பார்க்காத பக்கத்தில் வென்றுகொண்டிருந்தார்.

நம் வாசகர்களுக்கு இது அந்நியமான விஷயமும் அன்று. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 வழியாகவும், சென்னையின் கருண் சந்தோக் ஜிபி2 வழியாகவும்தான் ஃபார்முலா ஒன்னுக்குச் சென்றார்கள். 2025இல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் எனப்படும் குறும்பந்தயத்தை இந்தியாவின் குஷ் மைனி வென்றதும் இந்தப் படிகளில் ஒன்றில்தான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையின் அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, 2014 பட்டியலின் முதல் மூன்று பெயர்களையும் புள்ளிகளோடு தாருங்கள். அடுத்து, ஃபார்முலா 2, ஃபார்முலா 3 பந்தயங்களின் ஐரோப்பியச் சுற்றுகள் பெரும்பாலும் ஃபார்முலா ஒன் நடக்கும் அதே தடத்தில், அதே வார இறுதியில் நடக்கின்றன. திங்கட்கிழமைப் பதிப்பில் கிராண்ட் பிரீ முடிவுக்குக் கீழே அவற்றின் முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் நான்கு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கோயம்புத்தூர்.