ஐந்து நட்சத்திரம் போட்டவள் எழுதுகிறேன்

தமிழில் ஆன்லைன் கணக்கு வகுப்பு நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன வருஷம் உங்களிடம் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் பத்து வாரம் படித்தவள் நான். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். கடைசி வகுப்பன்று ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினீர்கள். நிரப்பினால்தான் சான்றிதழ். அடுப்பில் குக்கர், கையில் போன். எல்லாக் கேள்விக்கும் ஐந்து நட்சத்திரம் தட்டிவிட்டு, 'மிக அருமை, நன்றி சார்' என்று எழுதி அனுப்பினேன். மூன்றாவது விசிலுக்குள் வேலை முடிந்தது. இப்போது உங்கள் விளம்பரத்தில் '4.8' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. அதில் என் விசிலும் சேர்ந்திருக்கிறதே.

சார் நன்றாகத்தான் நடத்தினார். வகுப்பு பிடித்திருந்ததா என்று கேட்டீர்கள், பிடித்திருந்தது. வேலை தெரிகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். மோட்டார், பம்ப், ஒயர் விற்கும் கடை. முதல் நாளே முதலாளி ஒரு கட்டு பில்லை எடுத்து வைத்தார். பாதி கோயம்புத்தூரிலிருந்து வந்த பம்ப் பில். அதில் மத்திய அரசுக்குப் போகும் சிஜிஎஸ்டியும் இல்லை, மாநில அரசுக்குப் போகும் எஸ்ஜிஎஸ்டியும் இல்லை. மாநிலம் தாண்டி வரும் சரக்குக்குப் போடும் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. எனக்குக் கை ஓடவில்லை. வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் சென்னையில் வாங்கி மதுரையில் விற்ற கணக்கு. மாநிலம் தாண்டி வந்த சரக்கு ஒன்றுகூட இல்லை. பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கோ அன்றாடப் பிழைப்பே அதுதான். ஐஜிஎஸ்டி கிரெடிட்டை, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரிக்கான வரவை, முதலில் முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் தொட வேண்டும் என்பதைப் பக்கத்துக் கடைப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் டூ-பி பட்டியலோடு (நமக்கு விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியல்) நம் கொள்முதல் கணக்கை ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அப்படியே.

இதை மூன்றாவது வாரமே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். எங்களில் எத்தனை பேர் எந்த ஊர், என்ன கடை என்று ஒரு கேள்வி போதும். சார் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" உடனே சாட்டில் கட்டைவிரல் வரிசையாக நிற்கும். என் கட்டைவிரலும் நிற்கும். எல்லாரும் புரிந்தது என்னும்போது ஒருத்தி மட்டும் எப்படி இல்லை என்பாள்? அதற்குப் பதிலாக, "வரியோடு சேர்த்து பில் 11,800 ரூபாய், வரி 18 சதவீதம். வரி எவ்வளவு?" என்று ஒரு கணக்குப் போடச் சொல்லியிருந்தால் வண்டவாளம் தெரிந்திருக்கும். 1,800 என்பவருக்குப் புரிந்திருக்கிறது. 2,124 என்பவர் மொத்தத் தொகைக்கே வரி போட்டுவிட்டார். அன்றைக்கு நான் 2,124 கட்சி.

என் மகள் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்பில் படிக்கிறாள். அங்கே வாராவாரம் வீட்டுப்பாடம்; மதிப்பெண்ணில் அதற்கு 25 சதவீதம், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. உங்களிடம் தேர்வு மையம் எதிர்பார்க்கவில்லை. வாரம் ஒரு கணக்காவது போடச் சொல்லுங்கள், எந்தக் கணக்கில் அதிகம் பேர் சறுக்கினார்கள் என்று அடுத்த வகுப்புக்கு முன் பாருங்கள்.

வகுப்புப் பதிவுகளையும் பாருங்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்த்த பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்த்த நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆள் நிற்பதில்லை. உங்கள் பதிவு ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்! யார் எந்த நிமிஷத்தில் கழன்றார்கள் என்பது உங்களிடம்தான் இருக்கும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் 38 பேர் இருந்தோம், ஃபார்ம் வந்தபோது 14 பேர். போன 24 பேரை ஏன் போனீர்கள் என்று யாராவது கேட்டீர்களா? என் எதிர்வீட்டுப் பெண் நான்காவது வாரம் நின்றுவிட்டாள். சாயங்காலம் ஏழு மணி அவளுக்குச் சப்பாத்தி நேரம். போன் திரையில் டேலி எழுத்தும் எறும்பு மாதிரி தெரிந்ததாம். உங்கள் 4.8இல் அவள் இல்லை.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959லேயே பயிற்சியை அளக்க நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. நீங்கள் முதல் படியிலேயே நின்று நட்சத்திரம் எண்ணுகிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்தாவது வாரம் பெயர் போடாத ஒரு ஃபார்ம் கொடுங்கள்: இதுவரை எது புரியவில்லை, எதை மாற்ற வேண்டும். அதைச் சான்றிதழோடு முடிச்சுப் போடாதீர்கள். மாற்றியதை அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். படிப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். வேலை கிடைத்ததா, முதல் ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தானாகப் போட முடிந்ததா, எங்கே மாட்டிக்கொண்டாய் என்று கேளுங்கள். போனில் பத்து நிமிஷம் ஆகும்.

பழைய வாட்ஸ்அப் குழு இன்னும் கலையவில்லை. பாதியில் நின்றவர்களில் ஒன்பது பேர் அதில் இருக்கிறார்கள். கேள்விகளை அனுப்பினால் நானே ஒவ்வொருவராகக் கேட்டு எழுதித் தருகிறேன். 20ஆம் தேதிக்கு அப்புறம் அனுப்புங்கள். அதுவரைக்கும் கடையில் ரிட்டர்ன் வேலை.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு