தூய எரிசக்தியை இரண்டாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டாம்: சமுதாயக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தூய எரிசக்தித் தொழில்நுட்பம் என்ற பெயரில் ஒரு சான்றிதழ்ப் படிப்பையும், தூய எரிசக்தி வணிகம் என்ற பெயரில் இன்னொன்றையும் சமுதாயக் கல்லூரிகள் நடத்துகின்றன. நான் படித்த கல்லூரியில் இவை இரண்டும் வெவ்வேறு துறைகளின் கீழ், வெவ்வேறு கட்டடங்களில், ஒருவரையொருவர் அறியாத மாணவர்களோடு நடந்தன. பகலில் ஒரு வேலையும் மாலையில் தொழில்நுட்ப வகுப்புமாக இருந்து தேறி, இன்று சோலார் நிலையங்களின் பராமரிப்புப் பணியில் இருக்கும் நான், அந்தப் பிரிவினையால் எங்களுக்கு நேர்ந்த இழப்பை வேலைக்கு வந்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். இரண்டு படிப்புகளையும் ஒன்றாக்கி, இரு தரப்பு மாணவர்களையும் ஒரே வகுப்பறையில் அமர வைக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு மாலை வகுப்பை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஒளியை மின்சாரமாக்கும் 60 செல்கள் கொண்ட ஒரு சோலார் பேனலைச் சாய்த்து வைத்து, உச்ச ஆற்றலைத் தேடிப் பிடிக்கும் கட்டுப்படுத்தியோடு அதை இணைத்து, எத்தனை வாட் வருகிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் எங்கள் ஆசிரியர். பிறகு ஓர் அட்டைத் துண்டை எடுத்து ஒரே ஒரு செல்லை முழுதாக மூடினார். அறுபதில் ஒன்று மறைந்தால் அறுபதில் ஒரு பங்குதானே குறையும் என்றுதான் நாங்கள் அனைவரும் சொல்லியிருந்தோம். அளவீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், வெளிச்சமில்லாத ஒரு செல் மற்றவற்றின் மின்னோட்டத்துக்குத் தடையாகி விடுகிறது. அது சூடேறிக் கருகிவிடக் கூடாது என்பதற்காக 20 செல்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்கப்பட்டிருக்கும் பைபாஸ் டயோடு, அந்த இருபதையும் விலக்கிவிட்டு மின்னோட்டத்தைச் சுற்றுவழியில் அனுப்புகிறது. அட்டையை எடுத்ததும் எண் மேலே ஏறியது. மீண்டும் வைத்ததும் இறங்கியது. யாரும் பேசவில்லை. அன்று முதல் எந்தக் கூரையில் ஏறினாலும் நான் முதலில் தேடுவது நிழலைத்தான்.

அதே பருவத்தில் வணிகப் பிரிவில் படித்த ஒரு நண்பர் தம் செயல்திட்ட ஏட்டை எனக்குக் காட்டினார். கூரையின் பரப்பை ஒரு பேனலின் பரப்பால் வகுத்து, கைப்பிடிச் சுவரின் நிழல் மாலை முழுதும் படுகிற ஓரத்திலும் பேனல்களை அடுக்கி, 25 ஆண்டுகளுக்கும் ஒரே அளவு மின்சாரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். பேனலின் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை விழுக்காடு தேயும் என்பதும், பேனலின் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. அவர் எங்கள் வகுப்பில் இருந்த பலரைவிடக் கணக்கில் வல்லவர். அவருக்கு அந்த அட்டைத் துண்டை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

என் பக்கத்துக் குறையும் அதற்கு இணையானதே. போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற ஒரே கேள்வியோடு என் கணக்கு முடிந்துவிடும். இன்று கையில் இருக்கும் பணமும் பதினைந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் பணமும் ஒன்றல்ல, எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்துதான் முதலீட்டோடு ஒப்பிட வேண்டும் என்பதை அந்த நண்பர்தான் தம் விரிதாளைத் திறந்து எனக்குக் கற்றுக்கொடுத்தார். கல்லூரியின் நடைபாதையில், வகுப்பு முடிந்த பிறகு, இருபது நிமிடங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் கற்பித்ததைக் கல்லூரியின் பாடத்திட்டம் இரண்டு ஆண்டுகளில் செய்யவில்லை.

வட்டி விகிதத்தின் கதையைத் தொழில்நுட்ப மாணவர்கள் அவசியம் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நிலக்கரியிலோ எரிவாயுவிலோ இயங்கும் நிலையத்தில் செலவின் பெரும்பங்கு எரிபொருளாக ஆண்டுதோறும் பரவிக் கிடக்கும். சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு இல்லை. மொத்தச் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முதலீடாக வந்து நிற்கிறது. எனவே அந்த முதலீட்டைத் திரட்டும் விலைதான் மின்சாரத்தின் விலையை முடிவு செய்கிறது. 25 ஆண்டுகளில் சம தவணைகளாகத் திருப்பும் ஒரு கடனுக்கு வட்டி 5 விழுக்காடு என்றால், ஆண்டுத் தவணை கடன் தொகையில் ஏறத்தாழ 7.1 விழுக்காடு ஆகும். வட்டி 10 விழுக்காடானால் அது ஏறத்தாழ 11 விழுக்காடாகிவிடும். பேனலும் வெயிலும் அவைதாம். தவணை மட்டும் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. பேனலின் செயல்திறனில் ஒரு விழுக்காட்டை உயர்த்த ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள் என்று வியந்து படித்த எனக்கு, இந்த ஓர் எண்ணை யாரும் சொல்லித் தரவில்லை.

அதேபோல், இயற்பியலை வணிக மாணவர்களிடமிருந்து மறைப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநீதியே. பேனலின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரி செல்சியஸ் செல் வெப்பநிலையும் இருக்கும் சோதனை நிலைக்கு உரியது. வெயிலில் செல்லின் வெப்பம் 65 டிகிரிக்கு ஏறினால், டிகிரிக்கு 0.35 விழுக்காடு என்ற வழக்கமான இழப்பின்படி 14 விழுக்காடு ஆற்றல் குறைந்துவிடும். அச்சிட்ட எண்ணை அப்படியே வாடிக்கையாளரிடம் வாக்குறுதியாகச் சொல்லும் விற்பனையாளர் பொய் சொல்ல விரும்பிச் சொல்வதில்லை, அறியாமல் சொல்கிறார். குளிரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அப்போது மின்னழுத்தம் உயர்கிறது. ஆண்டின் மிகக் குளிர்ந்த விடியலைக் கணக்கில் எடுக்காமல் ஒரு தொடரில் ஒரு பேனலைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால், இன்வெர்ட்டர் தாங்கும் எல்லையை அது தாண்டிவிடும். காற்றாலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதால், வேகத்தை 10 விழுக்காடு மிகையாக மதிப்பிட்டாலே ஆற்றல் 33 விழுக்காடு மிகையாகிவிடுகிறது. எந்தச் சுழலியும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்ற பெட்ஸ் எல்லையை அறிந்த ஒருவர், அதற்கு மேல் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்த உடனே ஒதுக்கிவிடுவார்.

இரண்டு அறிவும் பிரிந்து கிடந்தால் களத்தில் என்ன ஆகும் என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பார்த்தேன். ஒரு கூரையில் உற்பத்தி அடிக்கடி நின்றுபோகிறது என்று அழைப்பு வந்தது. பேனல் வரிசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, கம்பிகளை இணைக்கும் ஒரு கனெக்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் உருகி, கூரைத் தகட்டின் மேல் வடிந்து உறைந்திருந்தது. அருகே முகத்தைக் கொண்டுபோனால் கருகல் நெடி அடித்தது. பேனலோடு வந்த கனெக்டர் ஒரு நிறுவனத்துடையது, நீட்டிப்புக் கம்பியில் மாட்டியிருந்தது இன்னொரு நிறுவனத்துடையது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தி, ‘டிக்’ என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகமும் அளவு நுட்பமும் வேறு வேறு. தொடுமிடத்தில் மின்தடை கூடி, நாளுக்கு நாள் சூடேறி, கடைசியில் எரிந்திருக்கிறது. பணியை எடுத்தவர்களின் கொள்முதல் பட்டியலில் அது வெறும் ‘கனெக்டர்’ என்ற ஒற்றை வரி. மலிவானதைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. மாட்டியவருக்கு அந்தப் பட்டியலைக் கேள்வி கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று தெரியாது. மிச்சம் பிடித்தது மிகச் சிறிய தொகை. கூரை தீப்பற்றவில்லை என்பது நல்வாய்ப்பு.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவிட்சில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 அல்லது 120 முறை சுழியை (பூஜ்யத்தை) தொட்டுச் செல்வதால், தொடர்பு பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. பேனலிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டத்துக்குச் சுழி என்பதே இல்லை. பொறி விடாமல் எரியும். அதோடு, வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை பேனலை அணைத்து வைக்கவும் முடியாது. இதை முதல் வாரத்திலேயே, வணிகப் பிரிவு மாணவர்கள் உட்பட அனைவருக்கும், கையுறை அணிவித்துக் கருவியைக் கையில் கொடுத்துக் கற்பியுங்கள். திட்ட மேலாளராகப் போகும் ஒருவர் மின்னோட்டம் பாயும்போது கனெக்டரைப் பிரிக்கக் கூடாது என்று அறிந்திருந்தால், வேலையை விரைந்து முடிக்கச் சொல்லி அவர் தொழிலாளியை அவசரப்படுத்த மாட்டார்.

இப்போது இவ்வளவு பேசுவதற்குக் காலமும் ஒரு காரணம். 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பெரிய சோலார் நிலையங்களின் மின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்ததாகப் பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. பேனல் மலிவாக மலிவாக, எஞ்சிய செலவுகள் முன்னால் வந்து நிற்கின்றன: இடத்தை ஆராய்வது, வடிவமைப்பது, அனுமதி பெறுவது, கடன் ஏற்பாடு செய்வது, பொருத்துவது, பிறகு கால் நூற்றாண்டுக்குப் பராமரிப்பது. இவை அனைத்தும் மனிதர்களின் வேலை. இவற்றில் எந்த ஒன்றும் முழுக்கத் தொழில்நுட்பமோ முழுக்க வணிகமோ இல்லை. கூரையை அளக்கப் போகிறவரிடம்தான் வாடிக்கையாளர் முதல் கேள்வியாகப் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்.

இனி நான் கேட்பவை. உங்கள் கல்லூரியின் மின்கட்டண ரசீதையே முதல் பாடநூலாக்குங்கள். யூனிட் கணக்கும், உச்சத் தேவைக்கான கட்டணமும், எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலையாகிறது என்று காட்டும் மின்திறன் காரணியும் அதில் இருக்கும். எந்தக் கட்டடம் எந்த நேரத்தில் எவ்வளவு எடுக்கிறது என்று மாணவர்கள் ஒரு பருவம் முழுதும் அளந்து எழுதட்டும். உற்பத்தி செய்வதற்கு முன் சேமிப்பதைப் பற்றி யோசிக்கும் பழக்கம் அங்கேதான் உருவாகும். சோலார் நிலையம் உள்ள கல்லூரிகளில்கூட அதன் உற்பத்தித் தரவு அலுவலகக் கணினியோடு நின்றுவிடலாம். அந்தக் கடவுச்சொல்லை வகுப்பறைக்குக் கொடுங்கள். இறுதிச் செயல்திட்டத்தை ஒரு தொழில்நுட்ப மாணவரும் ஒரு வணிக மாணவரும் இணைந்தே சமர்ப்பிக்க வேண்டும் என்றும், வாய்மொழித் தேர்வில் மின்சுற்று பற்றிய கேள்வி வணிக மாணவருக்கும் வட்டி பற்றிய கேள்வி தொழில்நுட்ப மாணவருக்கும் போக வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். நான் பரிந்துரைப்பவற்றில் இதுவே முக்கியமானது. இதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

ஒரே நிறுவனம் இலவசமாகத் தரும் கருவிகளை மட்டும் வைத்து ஆய்வுக்கூடத்தை அமைக்க வேண்டாம். நன்கொடை வரவேற்கத்தக்கதே, ஆனால் ஒரு நிறுவனத்தின் மெனுவை மட்டும் இயக்கத் தெரிந்தவர் அந்த வகை சந்தையிலிருந்து மறைந்ததும் கையறு நிலையில் நிற்பார். பழுதான இன்வெர்ட்டர்களையும் கீறல் விழுந்த பேனல்களையும் கேட்டு வாங்குங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் பழுதான பொருளைவிடச் சிறந்த கருவி இல்லை.

கணிதத்தைத் தனி நுழைவாயிலாக வைத்து மாணவர்களை வெளியே நிறுத்துவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் இயற்கணிதத் தாளைத் தாண்ட முடியாமல் முதல் பருவத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் மின்பணியாளராக இருந்தவர். விகிதத்தையும் சதவீதத்தையும் கம்பியின் தடிமனில் வைத்துக் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார். கணிதத்தைத் தொழிலுக்குள் வைத்துக் கற்பித்திருந்தால் அவர் இன்று என்னைவிடத் தேர்ந்த தொழில்நுட்பராக இருந்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

1901 ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரியைத்தான் அமெரிக்காவின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரியாகக் குறிப்பிடுகிறார்கள். தம் ஊரை விட்டுப் போக முடியாதவர்களும் மேற்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கமாக இருந்தது. வேலையையும் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் விட்டுவிட்டு வர முடியாதவர்களே இன்றும் உங்கள் மாலை வகுப்புகளின் இருக்கைகளில் இருக்கிறார்கள். அவர்களால் இரண்டு சான்றிதழ்களுக்கு இரண்டு முறை வர இயலாது. வருகிற அந்த ஒரு முறையிலேயே இரண்டும் கிடைக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் எந்த வேலையில், எந்த ஊதியத்தில் சேர்ந்தார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவியுங்கள். இரண்டு ஆண்டுகளின் மாலைகளைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே அறியும் உரிமை உண்டு.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு, களத்தில் பணிபுரியும் பழைய மாணவர் இருவரை, ஒரு பிரிவுக்கு ஒருவராக, அழைக்குமாறு வேண்டுகிறேன். அழைத்தால் நான் வருகிறேன். உருகிய அந்தக் கனெக்டரை இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பில் படித்துத் தேறிய ஒரு சோலார் பராமரிப்புத் தொழில்நுட்பர்