கட்டடக் கழிவு ஒப்பந்தத் தாளிலேயே தொடங்குகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டடக் கழிவு என்றாலே பேச்சு இடிபாடுகளைப் பொடித்து ஜல்லியும் மணலும் ஆக்கும் ஆலைகளின் பக்கம் போய்விடுகிறது. ஆலைகள் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் பொருளை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயரில் அங்கேயே நின்றுவிட்டால், நல்ல கதவும் நிலைச்சட்டமும் ஜன்னலும் நொறுங்கிய பிறகு மிச்சத்தை எடை போடுகிற வேலையாகவே அது முடியும். எவ்வளவு பொருள் தப்பிப் பிழைக்கும் என்பது இடிப்பு டெண்டரிலும் வாடகை ஒப்பந்தத்திலும் விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அங்கே என்ன மாற வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

இடிப்பில் பொருளைக் கெடுப்பது அவசரம். இடத்தைக் காலி செய்து தர ஒரே ஒரு தேதிதான் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படுகிறது. அந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டுமானால் இயந்திரத்தை இறக்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கழற்றும் வேலையையும் இயந்திர இடிப்பையும் டெண்டரில் தனித்தனி இனங்களாகப் பிரித்து, இரண்டுக்கும் தனி விலை, தனி முடிவுத் தேதி கேட்க வேண்டும். புதிய கட்டடத்தின் வரைபட அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் பழைய கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. விளக்கு, அறைத் தடுப்பு, கதவு போன்ற உள்வேலைகளைக் கழற்றுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 1916-ஆம் ஆண்டு வரை கட்டிய வீடுகளை இயந்திரத்தால் இடிக்காமல் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2016-இல் விதி கொண்டுவந்து, பின்னர் அந்த வரம்பை 1940 வரை நீட்டியது.

டெண்டருக்கு முன்பே கட்டடத்தை அறை அறையாகப் பார்த்து ஒரு கணக்கு எடுக்க வேண்டும். பொருள் என்ன, எத்தனை, என்ன அளவு, என்ன நிலையில் இருக்கிறது என்பதோடு, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். திருகில் நிற்பது முழுசாக வரும், பசையில் ஒட்டியது உடைந்துதான் வரும். ஆகவே பட்டியலில் அதிகப் பயன் தரும் விவரம் பொருத்திய முறைதான். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைத் தகடு, ஈயம் கலந்த பழைய பெயின்ட், பாதரசம் உள்ள குழல்விளக்கு ஆகியவற்றை முதலில் கண்டுபிடித்துத் தனியாகக் குறித்துவிட வேண்டும். ஒரு கல்நார்த் தகடு உடைந்து கலந்தாலும் அந்தக் குவியல் முழுவதும் அபாயக் கழிவாகிவிடும். குளிர்சாதனத்தைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது இன்றும் நடக்கிறது. குளிர்சாதனங்களில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால், அது புவியைச் சூடாக்குவதில் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சிலிண்டரில் மீட்டெடுத்ததற்கான எடைச் சீட்டை வாங்காமல் அந்த வேலைக்குப் பணம் தரக்கூடாது.

கழற்றும் வரிசை, கட்டிய வரிசைக்குத் தலைகீழ். விளக்கு, மின்விசிறி, குழாய் முனைகள், பீங்கான் சாமான்கள் முதலில். அடுத்து கதவு ஜன்னல்கள், ஃபால்ஸ் சீலிங், தடுப்புகள். பிறகு வயரும் குழாயும், தரை, கூரை. கான்கிரீட்டுக்குக் கடைசியில்தான் இயந்திரம் வர வேண்டும். கதவை நிலையோடும் கீலோடும் சேர்த்தே எடுக்க வேண்டும். தீத்தடுப்புக் கதவில் இது கட்டாயம். கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்த தொகுதியாகத்தான் அதைச் சோதித்துச் சான்று தருகிறார்கள். பலகையை மட்டும் உருவி எடுத்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை, கதவு வெறும் மரமாகிவிடும்.

செங்கல்லில் எல்லாம் காரையைப் பொறுத்தது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, தட்டினால் உதிர்ந்துவிடும், கல் முழுசாகக் கையில் வரும். சிமென்ட் கலவை கல்லை இறுகப் பிடித்துக்கொள்வதால், உளி வைத்தால் கலவைக்கு முன்பே கல் உடைகிறது. ஆகவே, சிமென்ட் கலவைச் சுவரிலிருந்து முழுக்கல் கிடைக்கும் என்று திட்டம் போடுவது வீண். அதைப் பொடிக்கத்தான் முடியும்.

பொடிப்பதிலும் தரம் போவது கலப்படத்தால்தான். சீலிங்குக்கும் தடுப்புக்கும் போடும் ஜிப்சம் போர்டின் துண்டு கான்கிரீட் குவியலில் விழுந்தால், அதிலுள்ள சல்ஃபேட் பின்னர் சிமென்ட்டோடு வினைபுரிந்து கான்கிரீட்டை உப்பவைத்து விரிசல் விடச் செய்யும். அதே ஜிப்சம் குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். எனவே ஜிப்சம் வேலைகளை முழுதாக அகற்றிய பிறகே கான்கிரீட்டில் கை வைக்க வேண்டும். மறுசுழற்சி ஜல்லியின் மேல் பழைய கலவை ஒட்டியிருப்பதால் அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும். முன்கூட்டியே நனைக்காமல் கலந்தால் கலவை சீக்கிரமே இறுகிப்போகிறது. உடனே தளத்தில் தண்ணீரைக் கூட ஊற்றுகிறார்கள், வலிமை குறைகிறது, கடைசியில் பழி ஜல்லியின் மேல் விழுகிறது. பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைக் கம்பி இல்லாத சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்-25 வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், எம்-15-க்குக் குறைந்த, அடித்தளத்தின் கீழ் சமன் செய்யப் போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016) அனுமதிக்கிறது. இப்படித் தெளிவான வரம்பு இருக்கும்போது, மறுசுழற்சிப் பொருளே கூடாது என்று டெண்டரில் போடுவதற்கு நியாயமில்லை.

எடையை மட்டும் வைத்து இலக்கு போடுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அபாயமில்லாத கட்டடக் கழிவில் எடைக் கணக்கில் 70 சதவீதத்தை 2020-க்குள் மீட்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஆணையிட்டது. பள்ளம் நிரப்புவதும் அதில் மீட்பாகவே சேரும். கான்கிரீட் கனமானது. அதைப் பொடித்துப் பள்ளத்தில் கொட்டினாலே இலக்கை எட்டிவிடலாம், நூறு கதவுகள் உடைந்தது கணக்கிலேயே தெரியாது. கதவு, ஜன்னல், பீங்கான், தடுப்பு ஆகியவற்றை எண்ணிக்கையாகவும், கான்கிரீட்டையும் இரும்பையும் எடையாகவும் கேளுங்கள். கடைசித் தவணையை எடைமேடைச் சீட்டும் பொருள் ஒப்படைத்த ரசீதும் வந்த பிறகு கொடுங்கள்.

இனி வாடகை ஒப்பந்தம். அலுவலகக் கட்டடங்களில் யாரும் பேசாத கழிவு இங்கேதான் உருவாகிறது. காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதன்படி பழைய வாடகைதாரர் நல்ல தடுப்புகளையும் கேபிள்களையும் பிய்த்தெறிகிறார். அடுத்து வருபவர் ஏறத்தாழ அதையே புதிதாகப் போடுகிறார். இன்னொரு பக்கம், இடம் பார்க்க வருபவருக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று உரிமையாளர் ஃபால்ஸ் சீலிங்கும் தரைவிரிப்பும் போட்டு வைக்கிறார். வாடகைதாரர் வந்ததும் தன் வரைபடத்துக்கு ஒத்துவரவில்லை என்று அதைக் கழற்றிப் போடுகிறார். யாரும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத பொருள் அது.

மாற்ற வேண்டியது அதிகமில்லை. காலி செய்வதற்கு ஆறு மாதம் முன்பு இரு தரப்பும் கூட்டாகப் பட்டியல் எடுத்து, எது இருக்கட்டும், எது போகட்டும் என்று அடுத்த வாடகைதாரரையும் கேட்டு முடிவு செய்யலாம் என எழுத வேண்டும். மாதிரிக்கு ஒரு பகுதியை மட்டும் முடித்துக் காட்டி, மீதியை வாடகைதாரரின் வரைபடம் வந்த பிறகு செய்யலாம். பொருத்தும் முறையையும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிட வேண்டும். தரைவிரிப்பு 500 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளாக, உரித்தெடுக்கக்கூடிய பசையில், சீலிங் 600 மில்லிமீட்டர் சட்டத்தில் வைக்கும் பலகைகளாக, தடுப்புகள் திருகில். சுவரை வெட்டி வயரைப் புதைப்பதை விட்டு, வெளியே ஓடும் குழாயில் கொண்டுபோகலாம். முழுப் பரப்பும் பசை தடவி ஒட்டிய விரிப்பைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

வீடு விற்பனையிலும் இதே கதைதான். எல்லா வீட்டுக்கும் ஒரே டைல்ஸ், ஒரே கதவு போட்டு ஒப்படைத்ததும், வாங்கியவர் உடைத்து மாற்றுகிறார். டைல்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் தேதிக்கு முன்பே தேர்வைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். உள்வேலை வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையைக் கழித்துத் தர வேண்டும்.

புதுக் கட்டுமானத்தில் உரிமையாளரே கம்பியும் சிமென்ட்டும் வாங்கித் தரும்போது, விரயத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கும். அந்த அனுமதி மெல்ல மெல்ல உரிமையாகிவிடுகிறது. கம்பியையே பாருங்கள். ஒரு கம்பி 12 மீட்டர். தூணுக்கு 4.2 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் ஒரு கம்பியில் இரண்டுதான் வெட்ட முடியும், 3.6 மீட்டர் மிஞ்சும். அதாவது 30 சதவீதம். கம்பிப் பட்டியலை மாடி மாடியாகத் தனித்தனியே கொடுத்தால் அந்தத் துண்டு பழைய இரும்புக்குப் போகிறது. மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே வெட்டுப் பட்டியல் போட்டால், அதே விட்டத்தில் 3.6 மீட்டருக்குள் தேவைப்படும் வேறோர் இடத்துக்கு அது போய்விடும். மாதாமாதம், கட்டிய அளவுக்குக் கணக்குப்படி தேவையான பொருளையும் உண்மையில் எடுத்துச் சென்றதையும் ஒப்பிட்டு, அனுமதிக்கு மேல் போனதைப் பில்லில் பிடித்தால் வீணடிப்பு தானாகவே குறையும். ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில், கடைசி இரண்டு லாரி பாக்கி இருக்கும்போதே இன்னும் நிரப்ப வேண்டிய கொள்ளளவை அளந்துவிட்டு ஆர்டரைச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் மிஞ்சினால் ஊற்றுவதற்கு, வடிகால் போன்றவற்றை மூடும் பலகைகளுக்கான அச்சுகள் தயாராக இருக்க வேண்டும்.

கழற்றி மீண்டும் கட்டலாம் என்பது கற்பனையல்ல. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2016-இல் தற்காலிகமாகக் கட்டிய நீதிமன்றக் கட்டடம், தேவை முடிந்ததும் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு என்ஸ்கெடே நகரில் அலுவலகமாக மீண்டும் எழுப்பப்பட்டது. தரைப்பலகைகளின் இணைப்பை முதலிலேயே கழற்றும்படி வடிவமைத்ததால்தான் அது முடிந்தது. எந்தக் கட்டடத்துக்கும் ஒரு பொருள் பதிவேடு வைப்பதோ இன்றே முடியக்கூடியது. ஒவ்வொரு பொருளின் அளவு, தயாரித்த ஆண்டு, பொருத்திய முறை, சோதனைச் சான்று ஆகியவற்றை அதில் எழுதி, கட்டடம் கைமாறும்போது மற்ற ஆவணங்களோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரும்பு உத்தரங்களுக்குத் தயாரித்த ஆலை தந்த தரச் சான்று தொலைந்துவிட்டால், மறுபயன்பாட்டுக்கு மாதிரித் துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் நல்ல உத்தரத்தை உருக்க அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பதிவேட்டில் உள்ள எண்ணை உத்தரத்தின் மேலேயே, தீத்தடுப்புப் பூச்சு மறைக்காத இடத்தில், குத்தெழுத்தில் பதித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானம், கட்டடப் பராமரிப்புப் பணிகளில் உள்ள பொறியாளர்கள் சிலர்