நேர்காணலுக்குப் போகும் தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. நர்ஸ் வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நீ அனுப்பியிருந்த கேள்வி பதில் நோட்டையும் முழுக்கப் படித்தேன். "செவிலியம் என்றால் என்ன", "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று எல்லாவற்றுக்கும் அழகான கையெழுத்தில் பதில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாய். எழுதியது வீண் இல்லை. ஆனால் இப்போதைக்கு அதை மூடி வைத்துவிடு.

நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அங்கே இருக்கிற வார்டு இன்சார்ஜ் மனதில் ஒரே கேள்விதான் ஓடும். இன்றைக்கு ராத்திரி என் வார்டை இந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா? வாயால் கேட்பது எதுவாக இருந்தாலும் அடியில் இருப்பது இதுதான். நோயாளியின் நிலைமை மாறினால் உன் கண்ணில் படுமா, பட்டதும் கை சரியான வேலையைச் செய்யுமா, உன்னால் முடியாது என்று தெரிந்தால் நேரத்தோடு ஆளைக் கூப்பிடுவாயா என்றுதான் அவர்கள் தேடுவார்கள். மனப்பாடப் பதிலில் இது எதுவும் தெரியாது.

ஒரு கேள்வி சொல்கிறேன். ஏதாவது ஓர் உருவத்தில் இது அடிக்கடி வரும். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வார்டுக்கு வருகிறார். வந்தபோது பல்ஸ் 88, பி.பி. 130/80. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல்ஸ் 124, பி.பி. 92/58. கை கால் சில்லென்று இருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்று நிலைகொள்ளாமல் புரள்கிறார். என்ன செய்வீர்கள்?

"டாக்டருக்குத் தகவல் சொல்வேன்." இதுதான் பெரும்பாலானவர்களின் முதல் பதில். தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், நீ அந்த நோயாளியைப் பார்க்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். டாக்டர் போனிலேயே "காயம் எப்படி இருக்கிறது, யூரின் எவ்வளவு" என்று கேட்டால் என்ன சொல்வாய்?

அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நீ நிற்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொல். அவரை விட்டு நகராமல் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். பேசுகிறாரா, மூச்சு எப்படி வாங்குகிறார், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பேன். படுக்கையைச் சமமாக்குவேன். டிரெஸ்ஸிங்கைப் பார்ப்பேன், கையுறையோடு முதுகுக்கு அடியிலும் கையை விட்டுப் பார்ப்பேன். இதைச் சொன்னால் போதும், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்சார்ஜ் நிமிர்ந்து உட்காருவார். மேலே துணி சுத்தமாக இருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து விரிப்பில் தேங்கியிருக்கும். வார்டில் வேலை பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். அப்புறம் ட்ரெயினில், அதாவது வயிற்றிலிருந்து கசிவை வெளியே எடுக்க வைத்திருக்கும் குழாயில், எவ்வளவு வந்திருக்கிறது, என்ன நிறம். யூரின் பையில் எவ்வளவு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. நரம்பில் திரவம் ஏற்றும் ஐ.வி. லைன் சரியாக ஓடுகிறதா. தாகம் என்கிறாரே என்று தண்ணீர் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். இவ்வளவும் பார்க்க இரண்டு மூன்று நிமிஷம் போதும். உதவிக்கு வந்தவர் அதற்குள் போனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

அந்த போனில் என்ன பேசுவாய் என்பதையும் சொல்லிக் காட்டு. "டாக்டர், ஆறாம் படுக்கைக்காரருக்குக் கொஞ்சம் சரியில்லை, வந்து பாருங்களேன்" என்றால் அவர் எதை வைத்து ஓடி வருவார்? உன் பெயர், வார்டு, நோயாளியின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு இப்படிப் பேசு: "பி.பி. 92/58 ஆக இறங்கிவிட்டது, பல்ஸ் 124. காலையில் குடல் அறுவை சிகிச்சை ஆனவர், வார்டுக்கு வந்தபோது 130/80 இருந்தது. கடைசி ஒரு மணி நேரத்தில் யூரின் 15 மில்லிதான், ட்ரெயினில் 300 மில்லி புது ரத்தம். உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் கிராஸ்மேட்சுக்கு ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?" (ஏற்றப்போகும் ரத்தம் அவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் கிராஸ்மேட்ச்.) நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்பார் (SBAR) என்று வகுப்பில் படித்தாயே, அது இதுதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை அது, பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தது. பெயரைச் சொல்லி விளக்கம் கொடுக்க வேண்டாம். அந்த வரிசையில் பேசினாலே கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்த கேள்வி அங்கேயே காத்திருக்கும். "டாக்டர் 'பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்' என்று வைத்துவிட்டார். இப்போது?" மரியாதைக்குப் பயந்து நிறைய நல்ல பெண்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தயங்காதே. "மறுபடியும் அழைப்பேன். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரை அழைப்பேன், என் இன்சார்ஜிடம் சொல்வேன், அவசர உதவிக் குழு இருந்தால் அவர்களைக் கூப்பிடுவேன், யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினேன் என்று எழுதி வைப்பேன்" என்று அழுத்தமாகச் சொல். போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டுவேன் என்பதையும் சேர்த்துக்கொள். நோயாளிக்காகக் குரல் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

மருந்து பற்றிய கேள்விகளிலும் இதே கதைதான். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "சரி, அது சரியான நோயாளிதான் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?" என்று கேட்டால், "நீங்கள்தானே இன்னார் என்று கேட்பேன்" என்பார்கள். குழப்பத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண்ணை நம்பக்கூடாது, படுக்கை மாறும். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் போடச் சொன்னால் போடமாட்டேன் என்று சொல்லும் தைரியமும், ஏன் என்ற காரணமும் உன்னிடம் இருக்க வேண்டும்; இதயம் நின்றுவிடும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மாதிரியானவற்றை இன்னொரு நர்ஸோடு சேர்ந்து சரிபார்ப்பேன் என்றும் சொல்.

கணக்கு கட்டாயம் போட்டுப் பழகு. 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், சொட்டு விழும் குழாய், அதாவது செட், மில்லிக்கு 20 சொட்டு. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொள். மனக்கணக்கில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதை விட, எழுதிச் சரிபார்ப்பவளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கமும் முதுகு வலியும் வந்தால் என்ன என்பது இன்னொரு பழைய கேள்வி. முதல் வார்த்தை "நிறுத்துவேன்" என்று வர வேண்டும். வேகத்தைக் குறைப்பேன், டாக்டரிடம் கேட்பேன் என்று ஆரம்பிக்காதே. நிறுத்தி, புது செட்டில் சலைன் போட்டு லைனைக் காப்பாற்றி, ஆளைக் கூப்பிட்டு, பல்ஸ், பி.பி., காய்ச்சல் எல்லாம் பார்த்து, பையிலிருக்கும் விவரத்தையும் நோயாளியின் விவரத்தையும் திரும்ப ஒப்பிட்டு, பையையும் செட்டையும் தூக்கிப் போடாமல் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். முதல் 15 நிமிஷம் நோயாளியை விட்டு நகரக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மற்ற எண்களை ஒரு தடவை புரட்டினால் போதும். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆரில், பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் 3-இல் தொடங்கி 15-இல் முடியும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் உனக்கே தெரியும்.

இன்னும் அனுபவமே இல்லையே என்று எழுதியிருந்தாய். படிக்கும்போது வார்டில் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டாய், அவர்கள் யாரும் உனக்கு நினைவில் இல்லையா? அதில் மூன்று பேரைத் தேர்ந்தெடு. ஒருவர் நிலைமை மோசமாகி நீ கவனித்துச் சொன்னவர், ஒருவர் கோபக்காரர், இன்னொருவர் நீ ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டவர். என்ன பார்த்தாய், நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றையும் இரண்டு நிமிஷத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார். கண்ணாடி முன்னாலோ, வீட்டில் யாரையாவது உட்கார வைத்தோ. மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது, வாயைத் திறந்தால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும். நேர்காணல் எந்த மொழியில் நடக்குமோ அந்த மொழியிலேயே சொல். நோயாளிகளின் பெயரை மட்டும் வெளியே விடாதே. நீ கதை சொல்லும்போது ரகசியம் காக்கிறாயா என்பதையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

"நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதறாதே. தவறே செய்ததில்லை என்று சொல்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். சின்னதோ பெரியதோ உண்மையானதைச் சொல், நூலிழையில் தப்பியது என்றாலும் பரவாயில்லை. உடனே நோயாளியைப் போய்ப் பார்த்தாய், டாக்டரிடமும் இன்சார்ஜிடமும் சொன்னாய், எழுதி வைத்தாய், மறைக்கவில்லை என்பதுதான் அவர்கள் கேட்க விரும்புவது. அதே மாதிரி, தெரியாததைத் தெரியாது என்று சொல். "வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்ததில்லை, சீனியரோடு நின்று பார்த்திருக்கிறேன், கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது நல்ல பதில். ஊகித்துச் சொல்கிற பதிலை வார்டில் ஊகித்துச் செய்யும் வேலையாகத்தான் நாங்கள் பார்ப்போம்.

"ஏன் இந்தத் தொழில்?" என்றால் சேவை மனப்பான்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. உன்னை இழுத்த ஒரு சம்பவம் இருக்கும், அதைச் சொல். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், விளக்கேந்திய மங்கை என்பதோடு நிறுத்தாதே. கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதைக் கணக்கெடுத்து, 1858-இல் வரைபடமாக அச்சிட்டுக் காட்டியவர் அவர். சார்ட்டை ஒழுங்காக எழுதுகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் அவர் முன்னோடி என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். இல்லை என்று சொல்லி எழுந்துவிடாதே. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், நைட் டியூட்டியில் எத்தனை? புதிதாகச் சேர்பவருக்கு எத்தனை வாரம் பயிற்சி, கூட நின்று சொல்லிக்கொடுக்க சீனியர் இருப்பாரா? இதைக் கேட்பது உன் உரிமை. நழுவலான பதில் வந்தால் மனதில் குறித்துக்கொள். பாண்டு, ஒப்பந்தம் என்று எதையாவது நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்து. அசல் சான்றிதழ்களைக் காட்டு, நகல் கொடு. அசலை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதே. எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் சரி. அதை நம்பி மாட்டிக்கொண்ட பெண்களின் கண்ணீரைப் பார்த்தவள் நான், இந்த விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும்.

பதிவுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சி.பி.ஆர். பயிற்சிச் சான்றிதழ், தடுப்பூசி விவரம் எல்லாம் முந்தின நாளே ஒரே ஃபைலில் இருக்கட்டும். நகத்தை வெட்டிக்கொள். கை கழுவுவது பற்றிப் பேசும்போது எல்லோர் கண்ணும் உன் கைக்குத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு டியூட்டி இல்லை, போன் செய். உன் மூன்று நோயாளிகளையும் தயாராக வைத்திரு. நான் இன்சார்ஜாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கிறேன், நீ சொட்டுக் கணக்கு உட்பட எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா