வைக்கோல் கேட்டு ஒரு கடிதம்

காங்கேயம்,
தை 12

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஐப்பசியில் பாப்பா கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்காராமல் ஓடிவந்தவன், மூன்று மாதமாய் ஒரு போன்கூடச் செய்யவில்லை. என்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். அன்றைக்கு ஜெர்சி மாடு கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. கிடாரிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வைக்கோல் வாங்கி ஏமாந்துவிட்டேன்.

நன்றாகச் சிரி. மாட்டுத் தீவனத்தைப் பற்றி ஈரக்காட்டுக்காரனுக்கு என்ன தெரியும் என்று ஹாஸ்டலில் உனக்கு வகுப்பெடுத்தவன் நான்தானே.

நடந்தது இதுதான். போன வருசம் ரெண்டு ஏக்கர் சோளம் விதைத்தேன். அறுக்க ஆள் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே பத்து நாள் போனது. அறுத்துக் காயப்போட்ட மூன்றாம் நாள் மார்கழி மழை பிடித்துக்கொண்டது. சோளத்தட்டு முழுக்கக் கறுத்துப்போய், மாடு முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்த வெறுப்பில் இந்த வருசம் விதைக்கவே இல்லை. மெஷினில் கட்டாக உருட்டின நெல்லு வைக்கோல் லாரியில் வந்து வாசலில் இறங்குகிறது, நமக்கு எதற்கு அரிவாள் என்று வீட்டில் வியாக்கியானம் வேறு பண்ணினேன்.

கணக்கெல்லாம் போட்டுத்தான் வாங்கினேன். நாலு உருப்படி, ஒன்றுக்கு நாளைக்கு 6 கிலோ. தவிடு, புண்ணாக்கு, கொஞ்சம் நேப்பியர் புல் தனி. தையிலிருந்து ஆடி வரைக்கும் 180 நாள் என்று வைத்தால் 4,320 கிலோ. கட்டு ஒன்று 15 கிலோ என்று 300 கட்டு, கட்டு 220 ரூபாய். கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

வெளியே பார்த்தால் தங்கம் மாதிரி இருந்தது. நாலாம் நாள் ஒரு கட்டைப் பிரித்துக் கை விட்டேன், உள்ளே கதகதவென்று சுட்டது. இன்னும் பிரித்தால் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம், உதறினால் புகைபோல் பறந்து தும்மல் வருகிறது, புளித்த கள் வாடை. பனி ஈரம் காயுமுன் உருட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் 90 கட்டு அப்படி. விற்றவர் முதலில் 'அண்ணா, அண்ணா' என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை.

கால்நடை டாக்டரிடம் கேட்டேன். யூரியா போட்டுப் பதப்படுத்தினால் சரியாகுமா என்றதற்குச் சிரித்தார். அது நல்ல வைக்கோலுக்குச் சத்து ஏற்றுகிற வேலையாம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காய்த் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். பூஞ்சணத்துக்கு அது மருந்தில்லை, அந்த விஷம் பாலிலும் இறங்கும், எருக்குழிக்குத் தள்ளுங்கள் என்றுவிட்டார். 19,800 ரூபாய்க்கு எரு வாங்கியவன் இந்தச் சீமையில் நான் ஒருத்தன்தான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. களத்து மூலையைப் பார்த்துக்கொண்டு, "உங்கப்பன் போட்ட தட்டுப்போருல ரெண்டு மழைக்காலம் தாண்டியும் உள்ள பச்ச வாசம் அடிக்கும்" என்றது, அவ்வளவுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் போர் உச்சியிலிருந்து நீ சறுக்கி விழுந்து பல் உடைத்துக்கொண்டாயே. கறையான் ஏறாமல் அடியில் கல் வைத்து, அதன்மேல் முள் பரப்பி, தோகை உள்ளே அடித்தட்டு வெளியே இருக்கும்படி அடுக்குவார். மேலே போகப்போகக் குவித்து, மழைத்தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிவு கட்டுவார். நான் கீழிருந்து கட்டு எடுத்துக் கொடுத்ததோடு சரி. மேலே ஏறி ஒரு நாளும் அடுக்கிப் பார்க்கவில்லை. இப்போது ஊரில் போர் போடத் தெரிந்தவர் தெக்காலத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர்தான், அவருக்கு முழங்கால் மடங்காது.

மிச்சம் இருக்கிற 210 கட்டு வைகாசி கடைசி வரைக்கும்தான் வரும். கொறங்காட்டு மேய்ச்சலை நம்பலாம் என்றால் கார்த்திகையோடு மழை நின்றுபோய்க் கொழுக்கட்டைப் புல் இப்போதே வெளுத்துக் கிடக்கிறது. வேலங்காய் உதிர்ந்தால் ஆட்டுக்கு ஆகும், கறவைக்கு எந்த மூலைக்கு?

பையன் எல்லாவற்றையும் விற்றுவிடு என்கிறான். வருத்தமாக இருக்கிறது பங்காளி, ஏனென்றால் அவன் சொல்கிற கணக்கு தப்பில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் காசு தருவது ஜெர்சி ரெண்டும்தான், நல்ல தீனி கேட்பதும் அவைதான். நம்ம காங்கேயம் மாடு மயிலை காய்ந்த புல்லைக் கடித்தே கோடையைத் தாண்டிவிடும், ஆனால் ரெண்டு லிட்டருக்கு மேல் கறக்காது. விற்பதென்றால் அதைத்தான் விற்க வேண்டும். அப்பா கடைசியாகப் பழையகோட்டைச் சந்தைக்குப் போய் ஓட்டிவந்த மாட்டின் கன்று அது. போன ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்து வாசல் வரை கொண்டுபோனேன். அம்மா குறுக்கே வந்து தண்ணீர் காட்டியது. திரும்பக் கட்டிவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் உன் நெல்லு அறுப்பு இந்த மாதம்தானே? வைக்கோலைக் கேரளா லாரிக்குப் பேசிவிடாதே. மெஷின் ஓட்டினபின் ரெண்டு நாள் நல்ல வெயில் காட்டி, மத்தியானத்துக்கு மேல் உருட்டச் சொல். 100 கட்டு வேண்டும். சந்தை விலையே தருகிறேன், சொந்தத்துக்கென்று குறைக்காதே, குறைத்தால் அதை வைத்தே சாகும்வரை பேசுவாய். கையறுப்பு வைக்கோல் கொஞ்சம் கிடைத்தால் தனியாக எடுத்துவை, கன்றுக்கு ஆகும்.

ஏற்றுகிற அன்றைக்கு நானே வருகிறேன். ஒவ்வொரு கட்டிலும் கை விட்டுப் பார்ப்பேன், கோவித்துக்கொள்ளாதே. அப்படியே அந்தக் கல்யாணச் சாப்பாட்டையும் போட்டுவிடச் சொல் தங்கச்சியிடம்.

உன்,
வாய்க்கால் இல்லாத பங்காளி